பாய்ப்படகுப் பயிற்றுநர்களுக்கு கோத்தகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்றுநர்களுக்கும், கிளப் பொறுப்பாளர்களுக்கும், பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போகும் படகுத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய ஆறாயிரம் அடி மேலே, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் கடலைப் பற்றி மடல் எழுதினால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க்காரர்களும் சிரிக்கிறார்கள். ஆனால் நீலகிரிக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரி 1947 முதல் இருக்கிறது. கடற்படை வெள்ளைச் சீருடையைக் குன்னூர் கடைத்தெருவில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இங்கே நிறைய. நானும் அப்படி வளர்ந்து, கடற்படைக்குப் போகாமல் பாய்ப்படகுகளில் ரிக்கிங் வேலைக்குப் போனவன். பாய்மரத்தையும் கயிறுகளையும் கொக்கிகளையும் பார்த்துக்கொள்வதுதான் பல வருடம் என் பிழைப்பு. இப்போது ஊரோடு வந்துவிட்டேன்.

என் அண்ணன் மகள் விடுமுறையில் சென்னைக்குப் போய்ச் சின்னப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் சில பிள்ளைகள் மலையிறங்கினார்கள். நல்ல விஷயம். நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது, பாய்ப்படகு என்று ஒரு விளையாட்டு இருப்பதே இங்கே பல வீடுகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரை எங்களுக்குப் படகு என்றால் ஊட்டி ஏரி, பைக்காரா, சுற்றுலா வந்தவர்களின் மிதிபடகு.

பிரச்சினை அடுத்த கட்டத்தில் வந்தது. சின்னப் படகில் நன்றாகத் தேறியவள் என்று அவளை ஒரு பெரிய பாய்ப்படகில், ராத்திரியும் ஓடுகிற கடற்பயணம் ஒன்றுக்குக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். எந்தப் படகு, யாருடையது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். திரும்பி வந்து அவள் சொன்னதுதான் இந்த மடலுக்குக் காரணம்.

“சித்தப்பா, டெக்கில் நடக்கும்போது இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு கொடுத்தார்கள். மூன்று பேருக்கு ஒன்று. தேவைப்படுகிறவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.”

“அதை எதில் மாட்டினாய்?”

“பக்கத்துக் கம்பியில்.”

படகின் ஓரத்தில் இருக்கிற கைப்பிடிக் கம்பியைச் சொல்கிறாள். ஜாக்லைன் இல்லையா என்று கேட்டேன். கொக்கியை மாட்டிக்கொண்டு நகர்வதற்காக, படகின் மேல்தளமான டெக்கில் முன்னிருந்து பின்னாக இழுத்துக் கட்டும் கோடுதான் ஜாக்லைன். இருந்ததாம். நீல நிற நைலான் கயிறு. மீன் சந்தையில் பெட்டி கட்டுகிற ரகம். முன்னால் ஒரு கம்பத்தின் அடியில் ஒரு முடிச்சு, பின்னால் இன்னொரு கம்பத்தில் ஒரு முடிச்சு. மிதித்தால் காலுக்கடியில் உருண்டதாம், அதனால் யாரும் அந்தப் பக்கமே போகவில்லையாம். அவள் கையில் இருந்த கொக்கி உப்பு ஏறி இறுகிப்போய், இரண்டு கையாலும் அழுத்தித்தான் திறக்க வந்தது. இரண்டு கையும் கொக்கியில் இருந்தால் படகை எந்தக் கையால் பிடிப்பது?

ஒன்றும் ஆகவில்லை, பத்திரமாக வந்துவிட்டாள். அந்தப் படகின் தலைவர் கெட்டவரும் இல்லை. பெரும்பாலான பயணங்களில் ஒன்றும் ஆகாது. அதனாலேயே இந்த விஷயம் இப்படிக் கிடக்கிறது.

உங்களிடம் நான் முதலில் சொல்ல நினைப்பது இது. சின்னப் படகில் நீங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது சரியான பாடம்தான். அங்கே யாரும் படகோடு தன்னைக் கட்டிக்கொள்வதில்லை, கட்டிக்கொள்ளவும் கூடாது. கவிழும், தண்ணீரில் விழுவார்கள், நீந்தி வந்து நிமிர்த்தி ஏறிக்கொள்வார்கள். பக்கத்தில் உங்கள் மோட்டார் படகு இருக்கும். முதல் நாளே வேண்டுமென்று கவிழ்த்துக் காட்டுகிறீர்கள், பயம் போய்விடுகிறது. ஆனால் தண்ணீரில் விழுவது விளையாட்டின் ஒரு பகுதி என்ற அந்தத் தைரியத்தை அப்படியே எடுத்துக்கொண்டுதான் பிள்ளைகள் பெரிய படகில் ஏறுகிறார்கள். அங்கே அந்தத் தைரியம் ஆளைக் கொன்றுவிடும். இந்த மாற்றத்தைப் பற்றி யாரும் அவர்களோடு உட்கார்ந்து பேசுவதில்லை.

கணக்கு எளிது. ஆறு நாட் வேகம், அதாவது மணிக்கு ஆறு கடல்மைல் என்றால் ஒரு வினாடிக்கு மூன்று மீட்டர். ஒருவர் விழுந்ததைப் பார்த்து, இன்னொருவர் கத்தி, மூன்றாமவர் சுக்கானைத் திருப்புவதற்குப் பத்து வினாடி என்று வையுங்கள். முப்பது மீட்டர் போயாயிற்று. பாயை இறக்கவோ திரும்பவோ ஒரு நிமிடம் ஆனால் நூற்றெண்பது மீட்டர். கொஞ்சம் அலை இருந்தாலே அந்தத் தூரத்தில் ஒரு தலையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. இருட்டென்றால் கேட்கவே வேண்டாம். வங்கக் கடல் தண்ணீர் வெதுவெதுப்பானது, உடனே விறைத்துச் சாகமாட்டார்கள் என்று ஒருவர் எனக்குச் சமாதானம் சொன்னார். உண்மைதான். கண்டுபிடிக்கப்படாமல் நெடுநேரம் மிதப்பார்கள்.

எரிக் தபார்லி பிரான்சு நாட்டில் பெரிய பெயர். பாய்ப்படகு ஓட்டுவதில் அவர் காலத்தில் அவருக்கு இணை சொல்ல ஆள் குறைவு. 1998 ஜூனில் ஐரிஷ் கடலில், ராத்திரியில், தன் சொந்தப் படகிலிருந்து தண்ணீரில் விழுந்தார். உடம்பில் கயிறும் இல்லை, மிதவைச் சட்டையும் இல்லை. படகில் மற்றவர்கள் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அனுபவம் உள்ளவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் இவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இனி கயிற்றுக்கு வருகிறேன். இங்கேதான் பயிற்றுநர்களிலேயே பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மார்பில் ஹார்னஸ் என்கிற பட்டைக் கச்சை, அதிலிருந்து டெதர் என்கிற குட்டைக் கயிறு, டெதரின் கொக்கி ஜாக்லைனில். சரி, கட்டியாயிற்று, இனி விழுந்தாலும் இழுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். இழுத்துக்கொள்ள முடியாது. டெதர் இருப்பது விழுந்தவரை இழுப்பதற்காக இல்லை, படகின் ஓரத்தைத் தாண்டவே விடாமல் நிறுத்துவதற்காக. நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருகிறது.

2011 ஜூனில் ஆங்கிலக் கால்வாயில் ஒரு பந்தயப் படகின் தலைவர் முன்பாயை மாற்றும்போது ஓரத்தைத் தாண்டி விழுந்தார். ஹார்னஸ் போட்டிருந்தார், டெதர் மாட்டியிருந்தார், மிதவைச் சட்டையும் இருந்தது. எல்லாம் சரியாகவே வேலை செய்தன. ஆனால் அவர் மாட்டியிருந்தது நீளமான டெதர். படகோடு சேர்ந்து தண்ணீரில் இழுபட்டார். குழுவினர் எதிரிலேயே இருந்தும் மேலே ஏற்றக் கால் மணி நேரம் போல ஆகிவிட்டது. அதற்குள் மூழ்கி இறந்துவிட்டார். ஓடுகிற படகின் பக்கவாட்டில் கட்டப்பட்ட மனிதனின் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் இழுப்பு நான்கு மடங்காகும். எவ்வளவு பலசாலி என்றாலும் அந்தக் கயிற்றைப் பிடித்து ஏறி வர முடியாது; மேலே இருப்பவர்களாலும் படகை நிறுத்தாமல் தூக்க முடியாது. அதனால், கட்டியிருக்கும் ஆள் விழுந்தால் முதல் வேலை அவரை இழுப்பது இல்லை, படகை நிறுத்துவது. இதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்கள்?

சரி, விழவே விடாமல் எப்படி நிறுத்துவது? அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் படகுக்குப் போங்கள். அகலம் மூன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒன்றே முக்கால் மீட்டர். படகின் முன்பகுதியான அணியத்துக்குப் போகப் போக இன்னும் குறுகும். ஜாக்லைன் பக்கத்து நடைபாதையில் ஓடினால், அதில் 1.8 மீட்டர் டெதரை மாட்டியவர் தாராளமாகத் தண்ணீர் வரை போய்விடுவார். அதே ஆள் ஒரு மீட்டர் டெதரோடு, கோடு நடுவில் ஓடும்படி கட்டியிருந்தால், தடுக்கி விழுந்தாலும் டெக்கிலேயே கிடப்பார். சிராய்க்கும், வாய்விட்டுத் திட்டுவார், எழுந்துகொள்வார்.

நடுவில் கட்டினால் பாய்மரமும் கேபின் கூரையும் குறுக்கே வரும், எல்லாப் படகிலும் முடியாது என்பீர்கள். தெரியும். முடியாத படகில் இரண்டு பக்கமும் கட்டுங்கள், ஆனால் காற்று வரும் பக்கத்துக் கோட்டில்தான் மாட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். படகு சாய்ந்திருக்கும்போது அதுதான் உயர்ந்த பக்கம். அங்கிருந்து விழுந்தால் படகின் குறுக்கேதான் விழுவார்கள். கயிறு முழுநீளம் போவதற்குள் டெக் தாங்கிக்கொள்ளும். தாழ்ந்த பக்கத்தில் மாட்டினால் தண்ணீர் ஒரு கை தூரத்தில் இருக்கிறது. இன்னொன்று, கோடு படகின் பின்முனை வரை ஓடக் கூடாது. அதற்கு நன்றாக முன்பே முடிந்துவிட வேண்டும். இல்லையென்றால் விழுந்த ஆள் கோட்டோடு வழுக்கிப் பின்னால் போய், படகுக்குப் பின்னால் இழுபடுவார். அங்கிருந்து ஏற்றுவது இன்னும் மோசம்.

இப்போது பலம். உலகப் பாய்ப்படகு அமைப்பின் கடல்பந்தய விதிகளில் நாடாவால் ஆன ஜாக்லைன் குறைந்தது 2040 கிலோ தாங்க வேண்டும் என்று இருக்கிறது. ஒரு ஆளைத் தாங்க இரண்டு டன் எதற்கு என்று மெக்கானிக் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு முனையிலும் இறுக்கிக் கட்டிய கோட்டின் நடுவில் ஒருவர் விழுந்து தொங்கினால், அந்தப் பாரம் இரண்டாகப் பிரிந்து முனைகளுக்குப் போகும் என்றுதான் தோன்றும். அப்படிப் போவதில்லை. கோடு பத்து டிகிரி மட்டும் வளைந்தால் ஒவ்வொரு முனையிலும் பாரத்தைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இழுப்பு வரும். ஐந்து டிகிரி வளைந்தால் ஐந்து மடங்குக்கும் மேல். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு மோசம். இதோடு ஆள் நிதானமாக வந்து தொங்குவதில்லை, எகிறி வந்து விழுகிறார். அந்த அதிர்ச்சி தனி. அந்த நீலக் கயிறும் அதன் முடிச்சும் இதில் எவ்வளவு நேரம் நிற்கும்? முடிச்சு போட்டாலே கயிறு தன் பலத்தில் கணிசமான பங்கை இழந்துவிடும். கைப்பிடிக் கம்பிகளும் அவற்றின் கம்பங்களும் இந்த வேலைக்குச் செய்யப்பட்டவை இல்லை, சாய்ந்துகொள்ள மட்டும்தான். கோடு டெக்கில் போல்ட் போட்டு, கீழே தகடு கொடுத்துப் பொருத்திய வளையத்தில் முடிய வேண்டும்.

நாடா தட்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு: மிதித்தால் உருளாது. நைலான் நனைந்தால் நீளும், தொய்யும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. நம் பக்கத்து வெயில் நாடாவுக்குப் பெரிய எதிரி. பயணம் முடிந்தும் மாதக்கணக்கில் டெக்கிலேயே கிடக்கும் கோடுகளைக் கையில் எடுத்தால் தவிடு மாதிரி தூள் உதிரும். பார்வைக்கு அதே நிறம், அதே அகலம். கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டுப் பையில் வையுங்கள். வேலை பத்து நிமிடம்.

கயிறு அறுந்தும் கொக்கி விட்டும் போன உயிர்கள் கதையில்லை. 1979 ஆகஸ்ட் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புயலில் சிக்கி 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். அவர்களில் சிலர் ஹார்னஸோ அதைப் பிணைத்த இடமோ விட்டுப்போனதால் போனவர்கள். அதற்குப் பிறகுதான் இந்தச் சாமான்களைச் சோதிப்பதில் உலகம் தீவிரமானது. அப்படியும் 2017 நவம்பரில் தென்கடலில், உலகம் சுற்றும் பந்தயம் ஒன்றில், முன்பாயை மாற்றிக்கொண்டிருந்த ஒருவர் கடலில் விழுந்தார். டெதர் மாட்டியிருந்தது. ஆனால் கொக்கி டெக்கில் இருந்த க்ளீட் (கயிறு சுற்றிக் கட்டும் முளை) ஒன்றுக்கு அடியில் போய்ச் சிக்கி, பாரம் நேராக வராமல் பக்கவாட்டில் வந்து, வளைந்து திறந்துகொண்டது. படகில் திரும்ப ஏற்றியும் அவர் பிழைக்கவில்லை. கடல் விபத்துகளை விசாரிக்கும் பிரிட்டிஷ் துறை 2018 ஜனவரியில் இதற்காகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கொக்கி நேர் இழுப்பில் பெரும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் மிகக் குறைந்த பாரத்திலேயே வளைந்துவிடும். அதனால் ஜாக்லைனின் முனைக்குப் பக்கத்தில், கொக்கி போய்ச் சேரக்கூடிய தூரத்தில், என்னென்ன துருத்திக்கொண்டிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். எந்த விலையுயர்ந்த சாமானும் இந்தக் குனிதலுக்கு ஈடாகாது.

டெதரை வாங்கும்போதும் சில விஷயங்கள். மலையேற்றக் கடையில் விற்கும் சாதாரண கார்பைனர் கொக்கி வேண்டாம். வளையத்தில் புரண்டு தானாகத் திறந்துகொள்ளும். இரண்டு அசைவில் மட்டும் திறக்கிற, ஒரே கையால் இயக்க முடிகிற கொக்கி வேண்டும். இந்தச் சாமான்களுக்கென்றே ஐஎஸ்ஓ 12401 என்று ஒரு தரம் இருக்கிறது. அந்த எண் தைத்திருக்கிறதா பாருங்கள். நல்ல டெதரின் தையலுக்குள் ஒரு வண்ணக் கொடி மறைந்திருக்கும். ஒருமுறை பெரும் பாரம் வாங்கிவிட்டால் தையல் பிரிந்து அது வெளியே தெரியும். தெரிந்தால் அந்த டெதர் முடிந்தது. “இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது” என்று அதைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். நீளம் இரண்டு மீட்டருக்கு மேல் கூடாது. குழுவில் குறைந்தது 30 சதவீதம் பேரிடமாவது ஒரு மீட்டருக்கு மேற்படாத டெதரோ, நடுவில் இன்னொரு கொக்கி உள்ள டெதரோ இருக்க வேண்டும் என்கிறது அதே கடல்பந்தய விதி. என்னைக் கேட்டால் எல்லோரிடமும் இருக்க வேண்டும். மூன்று பேருக்கு ஒன்று என்பது பேச்சுக்கே இடமில்லை.

படகே கவிழ்ந்தால் இந்தக் கயிறே நம்மை அடியில் பிடித்து வைக்காதா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். பிடித்து வைக்கும். அதற்காகத்தான் மார்புப் பக்கத்து முனை, பாரம் இருக்கும்போதும் இழுத்தால் விட்டுவிடுகிற மாதிரி இருக்க வேண்டும். அதற்கு மேல், கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு கத்தி. கத்தியைக் கயிற்றால் ஹார்னஸில் கட்டி வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கடலுக்குப் போகும் முதல் சாமான் அதுதான்.

சாமான் எல்லாம் சரியாக இருந்தும் ஆள் போவது மாட்டாமல் இருக்கிற அந்த ஒரு நிமிடத்தில்தான். 2018 மார்ச்சில், உலகத்தின் மிகத் தேர்ந்த மாலுமிகள் ஓடும் ஒரு பந்தயத்தில், கேப் ஹார்னுக்கு மேற்கே 1,400 கடல்மைல் தூரத்தில் ஒருவர் கடலில் விழுந்தார். டெதரைக் கழற்றிவிட்டு முன்னால் நகர்ந்த நேரம் அது. படகு எதிர்பாராமல் திரும்பிப் பாய் மறுபக்கம் அடித்தது. பெரிய பாயின் கயிற்றுத் தொகுதி அவரை அடித்துத் தள்ளியது. அவர் கிடைக்கவே இல்லை.

இதற்கு எங்கள் மலை ரயிலைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டங்கள் இரண்டு பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி தள்ளிப் பொருத்தியிருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் ஒரு பல்லை விட்டு எழும்போது இன்னொன்று ஏற்கெனவே பிடித்திருக்கும். எதையும் பிடிக்காமல் வண்டி நிற்கும் கணம் என்று ஒன்று கிடையாது. இரண்டு கிளை, இரண்டு கொக்கி உள்ள டெதரும் அப்படித்தான்: பாய்மரத்தைத் தாண்டும்போதோ கோடு மாறும்போதோ, இரண்டாவது கொக்கி மாட்டிய சத்தம் காதில் விழுந்த பிறகுதான் முதலாவது கழல வேண்டும். குன்னூர் ஸ்டேஷனில் நின்று அந்தப் பல்சட்டத்தைக் குனிந்து பார்த்த பிள்ளைக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

இங்கே நாங்கள் என்ன செய்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஊரில் பச்சை இலை எடை போடுகிற கொட்டகை ஒன்று இருக்கிறது. இலை வண்டி போன பிறகு சாயங்காலம் காலி. தரையில் சுண்ணாம்பால் பதினொரு மீட்டர் படகு ஒன்றை வரைந்தோம். காக்பிட் (உட்கார்ந்து படகை ஓட்டும் பள்ளம்), பாய்மரம், கேபின் கூரை, அணியம் எல்லாம் அளவோடு. இரண்டு பக்கமும் நாடாவை இழுத்துக் கட்டினோம். தடங்கலுக்கு இலைக் கூடை, மரக்கட்டை, ஒரு பழைய எடைக்கல். கேபின் வாசல் என்று வரைந்த இடத்திலிருந்து பிள்ளை தலையை நீட்டும். உடம்பு வெளியே வருவதற்குள் காக்பிட் வளையத்தில் கொக்கி விழுந்திருக்க வேண்டும். அப்புறம் தவழ்ந்தே அணியம் வரை போய், ஒரு சாக்கை மடித்துக் கட்டிவிட்டு, தவழ்ந்தே திரும்ப வேண்டும். நடந்தால் திரும்ப முதலிலிருந்து. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிக் கை போனால் “தண்ணி!” என்று மற்றப் பிள்ளைகள் கத்துவார்கள். அந்தக் கத்தல் நான் பேசுகிற அரை மணி நேரத்தை விட நன்றாகப் பாடம் சொல்கிறது.

அடுத்து விளக்கை அணைத்துவிட்டு. அதற்கும் அடுத்து கம்பளிக் கையுறையைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டு. மார்கழிச் சாயங்காலத்தில் கோத்தகிரியில் நனைந்த கையுறை என்றால் விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கொக்கியைப் பார்க்காமல், உணராமல், பழக்கத்தால் மட்டும் மாட்ட வேண்டும். முதலில் தவறவிடுகிறார்கள், எரிச்சலாகிறார்கள், ஒருத்தி அழுதே விட்டாள். சில சாயங்காலத்துக்குப் பிறகு பேசிக்கொண்டே மாட்டுகிறார்கள். இதற்குக் கடல் தேவைப்படவில்லை. செலவு நாடாவுக்கும் கொக்கிக்கும் மட்டும்தான், சுண்ணாம்பு பக்கத்துக் கடையில் ஓசி.

“இப்படிக் கட்டிப்போட்டால் பிள்ளைகளுக்குப் பயம் வந்துவிடும், சுதந்திரம் போய்விடும்” என்று உங்களில் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். நான் கண்டது நேர்மாறு. கயிறு தாங்கும் என்று தெரிந்த பிள்ளை இரண்டு கையையும் வேலையில் வைக்கிறது. தெரியாத பிள்ளை ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரைகுறையாக வேலை செய்து, டெக்கில் இருக்கும் நேரத்தையே நீட்டிக்கிறது. கடற்படையின் தில்னாவும், புதுச்சேரிப் பெண்ணான ரூபாவும் 2024 அக்டோபரில் கிளம்பி 2025 மே மாதம் திரும்பினார்கள். தாரிணி படகில் இரண்டே பேராக உலகத்தைச் சுற்றி வந்தார்கள். இரண்டே பேர் ஓட்டும் படகில் ஒருவர் தூங்கினால் மற்றவர் டெக்கில் தனியாள். விழுந்தால் கத்துவதைக் கேட்கக்கூட ஆளில்லை. அங்கே கொக்கியை மாட்டுவதா வேண்டாமா என்று யாராவது யோசிப்பார்களா? பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். ஒரு அப்பா மட்டும், “அப்ப ஏன் சார் எங்க பொண்ணு போன படகில மூணு பேருக்கு ஒண்ணு?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சின்னப் படகில் தேறிய பிள்ளையைப் பெரிய படகில் ஏற்றுவதற்கு முன் டெதர் பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள். அது இல்லாமல் சான்றிதழ் கையெழுத்தாகக் கூடாது. யாருடைய படகில் அனுப்புகிறீர்களோ அந்தப் படகின் ஜாக்லைனை உங்களில் ஒருவர் நேரில் போய் இழுத்துப் பார்க்க வேண்டும், போட்டோ போதாது. எப்போது மாட்ட வேண்டும் என்பதைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விடாமல் படகுத் தலைவர் கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும்: இருட்டினால், பாயைக் குறைத்தால், டெக்கில் தனியாக இருந்தால், காக்பிட்டை விட்டு வெளியே வந்தால். பதினாறு வயதுப் பிள்ளை, மற்றவர்கள் மாட்டாதபோது தான் மட்டும் மாட்டிக்கொள்ளக் கூச்சப்படும். தலைவர் முதலில் மாட்டினால் அந்தக் கூச்சம் போய்விடும். பழைய சாமானைத் தூக்கிப்போட மனம் வராது என்று எனக்குத் தெரியும், ரிக்கிங் வேலை செய்தவனுக்கு அதைவிட வராது. வெட்டி இரண்டு துண்டாக்கிவிட்டுப் போடுங்கள், யாரும் திரும்ப எடுத்து மாட்டமாட்டார்கள்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழையால் உங்கள் பக்கம் படகு இறக்க முடியாத நாட்கள் நிறைய. அதே மழைதான் கோத்தகிரிக்கும் பெரிய மழை. பயிற்றுநர்கள் நாலைந்து பேர் அந்த நேரத்தில் ஒரு வாரம் மேலே வாருங்கள். கொட்டகையின் கூரை ஒழுகும், அது நல்லதுதான், நாடா நனைந்திருக்கும். உங்கள் படகின் அளவை முன்கூட்டியே அனுப்பினால் தரையில் அதையே வரைந்து வைக்கிறேன். உங்கள் டெதர்களையும் கொண்டுவாருங்கள், தையலைச் சேர்ந்து பார்க்கலாம். மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் ஒரு போன் போட்டு, மலைப்பாதையில் மண் சரிந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு பழைய ரிக்கிங்காரன்